குதிரை மனிதனின் கால்கள்

என் தாய்மாமனின் திருமணம் ஒரு குதிரை மனிதனை நம்பியிருந்தது. இடுப்புவரை மனிதனாகவும் அதற்குக் கீழே குதிரையாகவும் இருந்த அந்த உயிரினம், சிறுவர் நாவல் ஒன்றைத் தழுவிய ஆங்கிலப் படத்தில் வந்தது. அந்தப் படம் தமிழ் பேசக் கற்றுக்கொண்டு தருமபுரிக்கு வந்து சேர்ந்தபோது, அதைப் பார்ப்பதற்கு எங்கள் குடும்பமும் ஏரியூரிலிருந்து ஒரு பெண்வீட்டாரும் ஒன்றாகச் சென்றோம். உலகில் எந்தச் சம்பந்தமும் இப்படிப் பேசப்பட்டதாக நான் அறியேன்.

காரணம் மாமாவின் வேலை. அவர் பெங்களூரில், வெளிநாட்டுப் படங்களுக்குக் கிராபிக்ஸ் செய்து தரும் நிறுவனத்தில் இருந்தார். பாலக்கோட்டை ஒட்டிய எங்கள் ஊரில் வேலை என்றால் அதற்கு ஓர் உருவம் இருக்க வேண்டும். சர்க்கரை ஆலையில் வேலை என்றால் கரும்பு வண்டி கண்முன் வரும். தக்காளி மண்டி என்றால் பெட்டிகள் வரும். ஆசிரியர் என்றால் நாற்காலியாவது வரும். மாமாவின் வேலையைச் சொன்னால் எதுவும் வராது. முதலில் பேசவந்த வீட்டார் அதைப் போட்டோ ஸ்டுடியோ என்று எண்ணிப் பொருத்தம் சரியில்லை என்றார்கள். அடுத்து வந்தவர்கள் சினிமா என்ற சொல் காதில் விழுந்ததும் செருப்பைக் கழற்றாமலே திரும்பிவிட்டார்கள். ஏரியூர்ப் பெரியவர் மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து அமர்ந்தார். அம்மாவுக்கு அதுவே பாதித் திருமணம் முடிந்த மாதிரி இருந்தது.

பெரியவர் பொறுமையான மனிதர். மனைவியையும் அழைத்து வந்திருந்தார். அம்மா காபி கொண்டுவந்து வைத்தார். அது ஆறிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்தில் சம்பந்தம் முடிவாகும்வரை பெண்வீட்டார் மாப்பிள்ளை வீட்டில் கை நனைப்பதில்லை, மாப்பிள்ளை வீட்டார் வெளியே வாங்கித் தந்தாலும் தொடுவதில்லை. தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கலாம். அதற்குமேல் ஒரு வாய் காபியோ ஒரு துண்டுப் பலகாரமோ உள்ளே போய்விட்டால், அதுவே சம்மதம். பிறகு பின்வாங்குவது அழகல்ல. ஆகவே தட்டில் அடுக்கிய முறுக்கை எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள், யாரும் தொடமாட்டார்கள். எனக்கு அந்த வழக்கம் பிடித்திருந்தது. மிச்சமெல்லாம் என்னிடம்தான் வந்து சேரும்.

"கம்ப்யூட்டர் வேலைங்கறீங்க, சரிங்க தம்பி," என்றார் பெரியவர் மாமாவிடம். "பேங்க்லயும் கம்ப்யூட்டருதான் இருக்குது. ரேசன் கடையிலயும் இருக்குது. நீங்க அதுல என்னா பண்றீங்க?"

மாமா விளக்குவதற்கு வாயைத் திறந்தார். அவர் விளக்கினால் என்ன ஆகும் என்பதை முந்தைய அனுபவங்களால் அறிந்திருந்த அம்மா முந்திக்கொண்டார்.

"இப்ப ஒரு படம் வந்துருக்குதுங்களே, குதிரை ஒடம்பும் மனுசன் மூஞ்சியுமா ஒருத்தரு. அவரப் பண்ணுனதே எந்தம்பிதாங்க."

மாமாவின் முகம் மாறியது. மறுக்கப் போகிறார் என்று தெரிந்தவுடன் அம்மாவின் கால் அவருடைய காலின்மேல் வந்து நின்றது. நான் தரையில் அமர்ந்திருந்ததால் அதைத் தெளிவாகக் கண்டேன்.

பெரியவர் சற்று யோசித்தார். "அது என்னா திங்கும்ங்க? புல்லா, சோறா?"

"காலையில சோறு, சாயங்காலம் புல்லு," என்றார் என் அப்பா, தக்காளிக்கு மருந்தடிக்கும் முறையைச் சொல்வதுபோன்ற நிதானத்தோடு.

பெரியவர் சிரிக்கவில்லை. "அப்ப அந்தப் படத்தைப் பாத்துருவோம். ஞாயித்துக்கெழமை நாங்க பஸ்ஸுல தருமபுரிக்கு வந்தர்றோம். பொண்ணையும் கூட்டிகிட்டு வர்றோம். தம்பி பண்ணுன குதிரைக்காரரப் பாத்துட்டு மேக்கொண்டு பேசிக்கலாம்" என்று எழுந்தார். காபி ஆடை கட்டியிருந்தது.

இங்கே என் தகுதியையும் குறிப்பிட்டாக வேண்டும். நான் அப்போது ஆறாம் வகுப்பு. எங்கள் பள்ளியின் பட்டிமன்ற அணியில் சேர்க்கப்பட்டவர்களுள் மிகச் சிறியவள். அடுத்து வரவிருந்த போட்டியின் தலைப்பு, சிறுவர் மனத்தை வளர்ப்பது நூலா, திரைப்படமா என்பது. எனக்கு ஒதுக்கப்பட்டது நூல். அந்த நாவலின் தமிழாக்கம் எங்கள் பள்ளி நூலகத்தில் இருந்தது. அட்டை கிழிந்த அந்தப் பிரதியை நான் மனப்பாடம் செய்யும் அளவுக்குப் படித்திருந்தேன். ஆகவே அந்த ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் மாமாவுக்காகத் திரையரங்குக்கு வந்தபோது, நான் எதிரணியின் சான்றுகளைத் தகர்ப்பதற்காக வந்திருந்தேன். இந்த இரண்டு நோக்கங்களும் மோதக்கூடும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

பெண்ணை அன்றுதான் முதலில் பார்த்தேன். கல்லூரி முடித்தவர். சந்தன நிறப் புடவையில், தலை குனிந்தபடி பேருந்திலிருந்து இறங்கினார். தலை குனிந்தபடியே சாலையைக் கடந்தார். திரையரங்கின் படிகளிலும் அப்படியே ஏறினார். நான் 'அக்கா' என்று அழைத்தபோது மட்டும் ஒரு கணம் நிமிர்ந்து சிரித்தார். அவருடைய அம்மா மெல்ல இருமினார். தலை மீண்டும் குனிந்தது.

பெண்கள் ஒரு வரிசையிலும் ஆண்கள் பின்வரிசையிலுமாக அமர்ந்தோம். நான் அம்மாவுக்கும் அந்த அக்காவுக்கும் இடையில்.

படம் தொடங்கிச் சிறிது நேரத்தில் காட்டுக்குள்ளிருந்து குதிரை மனிதன் வந்தான். பொன்னிற முடி, அகன்ற மார்பு, பளபளக்கும் வெண்ணிற உடல். அம்மா எழுந்தே விட்டார்.

"இதாங்க! இவருதாங்க!"

"யக்கா, தெரியுது உக்காருங்க," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "மறைக்குது."

வேறொருவன் திரையைப் பார்த்துக் கூவினான்: "தலைவா, மெதுவா! லாடம் கழண்டுறப் போவுது!"

அரங்கம் சிரித்தது. நான் திரும்பிப் பார்த்தேன். பெரியவர் சிரிக்காமல் முன்னால் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். சந்தையில் மாடு பிடிப்பவர் பார்ப்பதைப் போல, முதலில் முதுகு, பிறகு தொடை, பிறகு வால் என்று அவர் பார்வை இறங்கியது. "வாலு நல்லாருக்குது," என்று மனைவியின் காதருகே குனிந்து சொன்னார். அம்மா அதை ஒரு மதிப்பெண்ணாக எடுத்துக்கொண்டு எங்கள் வரிசை முழுவதையும் பெருமையுடன் பார்த்தார். மாமா மட்டும் இருக்கையில் தாழ்ந்துகொண்டே போனார்.

எனக்கோ ஆத்திரம் பெருகிக்கொண்டிருந்தது. நாவலில் அந்தக் குதிரை மனிதன் கிழவன். ஒரு கண் பார்வையற்றவன். சற்று நொண்டுவான். உடல் மண்ணின் நிறம். யாரையும் முதுகில் ஏற்றமாட்டான். ஏற்றச் சொல்வதே அவன் இனத்துக்கு அவமானம் என்று ஓர் அத்தியாயம் முழுக்கப் பேசுவான். திரையிலோ, வந்த வேகத்தில் இரண்டு பிள்ளைகளை முதுகில் ஏற்றிக்கொண்டு ஓடினான்.

இடைவேளையில் எல்லோரும் வெளியே வந்து நின்றோம். அப்பா எல்லோருக்கும் தேநீரும் பாப்கார்னும் வாங்கிவந்தார். "இப்பத்தாங்க சாப்ட்டுட்டு வந்தோம்" என்று பெரியவர் கையெடுத்துக் கும்பிட்டார். அவர் மனைவியும் அதையே சொன்னார். அந்த அக்கா பாப்கார்னை மட்டும் பார்த்தார். யாரும் வாங்காததால் எல்லாப் பொட்டலங்களையும் நான் பெற்றுக்கொண்டேன்.

பெரியவர் என் பக்கம் திரும்பினார்.

"ஏங் கண்ணு, இந்தக் கதைய நீ பொஸ்தகத்துல படிச்சியாமா? அதுல வர்றவரும் இவரேதானா?"

கேள்வி ஒரு பேச்சாளரிடம் கேட்கப்பட்டுவிட்டது. பொட்டலங்களை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு நிமிர்ந்து நின்றேன். தின்பண்டக் கடையின் கண்ணாடிக்கு முன்னால், பள்ளியில் கற்றுத்தந்தபடி வலக்கையைச் சற்று உயர்த்தி, அவையை வணங்கி, தொடங்கினேன்.

நம் புராணங்களிலும் கின்னரர் உண்டு என்றேன். அவர்களுக்கு முகம் குதிரை, உடல் மனிதர். மேல்நாட்டார் அதைத் தலைகீழாகக் கற்பனை செய்தார்கள். கற்பனை எதுவாயினும் அதற்கென ஒரு கண்ணியம் உண்டு. நாவலாசிரியர் அந்தக் கண்ணியத்தைக் காத்தார். படம் எடுத்தவர்கள் கிழவனைக் குமரனாக்கினார்கள், குருடனுக்குக் கண் கொடுத்தார்கள், நொண்டியைப் பந்தயக் குதிரையாக்கினார்கள். யாரையும் சுமக்காதவனை வாடகை வண்டியாக்கினார்கள். எனவே, என்று குரலை உயர்த்தி, இந்த உயிரினத்தைச் செய்தவர் எவரோ, அவர் அந்த நூலின் ஒரு பக்கத்தையேனும் படிக்கவில்லை என்பது உறுதி என்று முடித்தேன்.

கடைக்காரர் கைதட்டினார். வேறு யாரும் தட்டவில்லை.

பெரியவர் மெல்ல மாமாவைப் பார்த்தார். "புள்ள சொல்றது மெய்ங்களா தம்பி? படிச்சுப் பாக்காமயேவா பண்ணிட்டீங்க?"

அம்மா என் கையைக் கிள்ளினார். மாமாவின் காலைத் தேடி அவர் கால் நகர்ந்தது; ஆனால் மாமா இந்தமுறை எட்டி நின்றிருந்தார்.

"நான் அவரப் பண்ணலீங்க," என்றார் மாமா.

"டேய்..." என்றார் அம்மா.

"இரு அக்கா." மாமாவின் குரல் தாழ்ந்திருந்தது, தடுமாறவில்லை. "நடிகரு ஒரு சக்கரப் பலகை மேல நிப்பாருங்க. சாயாம இருக்க முதுகோட ஒரு இரும்புக் கம்பி, தரை வரைக்கும். குதிரை ஒடம்பு, வாலு, முடி எல்லாம் வேற நாட்டுல வேற யாரோ பண்ணுவாங்க. அந்தக் கம்பி தெரியாம அழிக்கறதுதாங்க எங்க வேலை. நான் அழிக்கறவன்."

"வாலு?"

"வாலு நான் இல்லீங்க."

பெரியவருக்கு அந்த வால் ஓர் இழப்பாகவே இருந்தது. "சரி. நீங்க பண்ணது படத்துல எங்க தெரியும்?"

"தெரியக்கூடாதுங்க. தெரிஞ்சுதுன்னா நான் வேலைய ஒழுங்காப் பண்ணலைன்னு அர்த்தம்."

பெரியவர் அதை மனத்துக்குள் ஒருமுறை சொல்லிப் பார்ப்பதுபோல் உதட்டை அசைத்தார். பிறகு, கோபம் சிறிதும் இல்லாமல், உண்மையாகவே விடை வேண்டுபவரைப் போலக் கேட்டார்: "தெரியாத ஒண்ணைப் பாக்கறதுக்காங்க நாங்க ஏரியூருல இருந்து பஸ் ஏறி வந்தோம்?"

மாமா வாயைத் திறப்பதற்குள் மணி அடித்தது. உள்ளே போனோம்.

இரண்டாம் பாதியை அம்மா பார்க்கவில்லை. திரையின் வெளிச்சம் அவர் கன்னத்தில் மாறி மாறி விழுந்தது. கண் எங்கோ இருந்தது. மூன்றாவது சம்பந்தமும் போயிற்று என்று அவர் முடிவு செய்துவிட்டார். எனக்கு அந்தத் துயரத்தில் பங்கில்லை. மாமா என் வாதத்தை மறுக்கவில்லை. தாம் செய்யவில்லை என்று விலகிக்கொண்டார். அதை வெற்றி என்று ஏற்கலாமா, எதிரணி வராத ஆட்டமாகக் கொள்ள வேண்டுமா என்பதை எண்ணியபடி எல்லோருடைய பாப்கார்னையும் தின்றுகொண்டிருந்தேன்.

படத்தின் முடிவுக்குச் சற்றுமுன் ஓர் ஆற்றங்கரைக் காட்சி. போரில் நண்பர்களை இழந்த குதிரை மனிதன் கரையோரம் நின்று அழுகிறான். இசை உயர்ந்தது. லாடத்தைப் பற்றிக் கூவியவன்கூட அமைதியாகிவிட்டான். அரங்கமே அந்த முகத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், பக்கத்து இருக்கையில் ஒரு சிறு அசைவு. அந்த அக்கா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று எண்ணினேன். நூலின் தரப்பில் நின்றவள் என்ற முறையில் எனக்கு அது ஏமாற்றமாக இருந்தது.

வெளியே வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. வாசலில் தள்ளுவண்டியில் கிளிமூக்கு மாங்காயைக் கீற்றாக நறுக்கி, உப்பும் மிளகாய்த்தூளும் தூவி விற்றுக்கொண்டிருந்தார் ஒருவர். நான் கேட்டேன் என்று மாமா ஒரு காகிதத் தட்டு நிறைய வாங்கினார். அவருக்கு அந்த நேரத்தில் செய்வதற்கு அதுதான் இருந்தது.

பெரியவர் அப்பாவிடம் விடைபெற்றார். "வூட்டுல கலந்துகிட்டுச் சொல்லி அனுப்பறோம்ங்க."

அந்த வாக்கியத்தின் பொருள் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எங்கள் பக்கத்தில் அப்படிச் சொல்லிப் போகிறவர்கள் பிறகு சொல்லி அனுப்புவதில்லை. அப்பா தலையசைத்தார். அம்மா கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அந்த அக்கா பேசினார். அப்பாவிடமோ அம்மாவிடமோ பேசவில்லை. நேராக மாமாவைப் பார்த்து.

"ஏங்க, அந்த ஆத்தோரமா நின்னு அழுவறாரே, அந்த எடத்துல கீழ தண்ணியில அஞ்சு காலு தெரிஞ்சுதுங்களே. அதுல ஒண்ணு உங்க கம்பிங்களா?"

மாமாவின் கையிலிருந்த தட்டு சாய்ந்து ஒரு கீற்று தரையில் விழுந்தது.

"பாத்தீங்களா?"

"பாத்தேனே. மேல நாலுதான். தண்ணிக்குள்ள அஞ்சு."

"மேல அழிச்சிட்டேங்க. தண்ணியில விழுந்த நெழல மறந்துட்டேன்." மாமாவின் சொற்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வந்தன. "அனுப்பி முடிச்சப்புறந்தான் பாத்தேன். எங்க ஆபீசுல ஒருத்தருக்கும் தெரியல. அந்த நாட்டுக்காரங்களும் கண்டுபுடிக்கல. பெங்களூருல தியேட்டர்ல போயி உக்காந்து, அந்த எடம் வரும்போது படத்தப் பாக்காம சனங்களத் திரும்பித் திரும்பிப் பாத்தேன், யாராச்சும் சிரிப்பாங்களோன்னு. ஒருத்தரும் பாக்கலீங்க. எல்லாரும் அவரு மூஞ்சியவே பாக்கறாங்க."

"எங்கம்மா தலை நிமிரவே கூடாதுன்னு சொல்லிக் கூட்டியாந்தாங்க," என்றார் அந்த அக்கா. "படம் முழுக்கக் கீழ்ப்பாதிதாங்க பாத்தேன். அவருக்கு மூஞ்சி எப்படி இருந்துதுன்னே எனக்குத் தெரியாது."

மாமா சிரித்தார். அதற்குமுன் நான் கேட்டிராத சிரிப்பு. பல மாதங்களாக மூடிவைத்த ஏதோ ஒன்று திறந்துகொண்டதைப் போன்ற சத்தம். அந்த அக்காவும் சிரித்தார். உள்ளே தோள்கள் குலுங்கியது அழுகையால் அல்ல என்று அப்போது விளங்கியது.

"வேற எங்கயாச்சும் வுட்டுருக்கேனா?"

"குதிரைக்காரரு குகைக்குள்ள போவறப்போ ஒரு தடவ சந்தேகமா இருந்துச்சு. ஆனா இருட்டு."

"அது மரங்க. மெய்யாலுமே மரம்."

பேச்சின் நடுவே மாமா, எல்லோரும் செய்வதுபோல, கையிலிருந்ததை எதிரே நின்றவரிடம் நீட்டினார். அந்த அக்கா, எல்லோரும் செய்வதுபோல, ஒரு கீற்றை எடுத்துக் கடித்தார்.

"அடியே!" என்றார் அவருடைய அம்மா.

அத்தனை பேரும் நின்ற நிலையில் நின்றோம். அந்த அக்காவின் கையில் பாதி மாங்காய், மீதி வாயில். மெல்வதா நிறுத்துவதா என்று தெரியாமல் அவர் தன் அப்பாவைப் பார்த்தார். தலை குனியவில்லை. பெரியவர் மகளைப் பார்த்தார், மாங்காயைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். கடைசியாக, இனி யாரைப் பார்த்தும் பயனில்லை என்று தெளிந்தவர்போல, தள்ளுவண்டியின் பக்கம் நகர்ந்தார்.

"எனக்கும் ஒரு துண்டு குடுங்க மாப்ள," என்றார். "மொளகாத்தூள் கம்மியா."

அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டார். 

எனக்கு இந்தத் தீர்ப்பு சற்றும் ஏற்புடையதாக இல்லை. வரிசையாக எண்ணிப் பார்த்தேன். குதிரை மனிதனைச் செய்தவர் என்ற பெருமை போயிற்று. மாமாவே அதைக் கைவிட்டார். வாலும் போயிற்று. எஞ்சியிருந்தது, தெரியாமல் அழிப்பவர் என்ற ஒரே தகுதி. அதிலும் ஒரு கால் தெரிந்துவிட்டது, அதைக் கண்டு சொன்னவர் பெண்வீட்டுத் தரப்பு, ஒப்புக்கொண்டவர் மாமா. எந்த மேடையிலும், எந்த நடுவர் முன்னாலும், இதற்குப் பெயர் தோல்வி.

பாலக்கோட்டுப் பேருந்தில் ஏறியதும் அம்மாவிடம் இதைக் கேட்டேன். "மாமா தப்புப் பண்ணதக் கண்டுபுடிச்சுட்டாங்க இல்ல? அப்ப மாமா தோத்துட்டாருதான?"

"வாய மூடிட்டு மாங்காயத் தின்னு," என்றார் அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. திட்டுவதுபோல் இல்லை.

அந்த அக்காவை அத்தை என்று அழைக்கத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகின்றன. நான் அதற்குப்பின் எத்தனையோ மேடைகளில் எதிரணியின் பிழைகளைத் தேடித் தேடிச் சுட்டியிருக்கிறேன். சுட்டப்பட்டவர் எவரும் மாமாவைப் போல் மகிழ்ந்ததில்லை.

அன்று மாமா எனக்கு முன்னிருக்கையில், சன்னலோரம் இருந்தார். ஊருக்கு முன்னால் ஏரி வந்தது. கரையோரத்தில் எருமைகள் நின்றன. அவற்றின் பிம்பங்கள் நீரில் தலைகீழாக நின்றன. மாமா சன்னல் கம்பியில் நெற்றியை வைத்து அவற்றைப் பார்த்துச் சிரித்தபடி வந்தார். சிரிப்பதற்கு அங்கே என்ன இருக்கிறது என்று நானும் எட்டிப் பார்த்தேன். தண்ணீரில் தெரிந்த கால்களை ஒவ்வொரு எருமையாக எண்ணினேன். கணக்குச் சரியாக இருந்தது. மாமா ஏன் சிரிக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை.